நாமா, நாங்களா? – ஓராண்டு வாசிப்பு

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இத்தகைய விழாவில் கவிதையைப் பற்றிப் பேசுவதே மரபு. ஆனால் விழாக் குழுவினர் என்னிடம் கேட்டது வேறு. "கடந்த ஓராண்டில் நீங்கள் படித்தவற்றைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். 2025 பொங்கலிலிருந்து நான் படித்தது பெரும்பாலும் அமெரிக்க அரசியல். ஆகவே நம் வட்டத்தின் எழுதாத விதி ஒன்றை இன்று மீற வேண்டியிருக்கிறது. கூட்டத்தில் அரசியல் பேசுவதில்லை என்பது அவ்விதி. நல்ல விதிதான். அது மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதை நானே காட்டியிருக்கிறேன்.

2024 நவம்பர் 5ஆம் நாள் இந்நாட்டில் அதிபர் தேர்தல் நடந்தது. அதற்கடுத்த நம் மாதக் கூட்டம் முடிந்து, தேநீர் மேசையருகே நின்று பேசிக்கொண்டிருந்தோம். வட்டத்தின் மூத்த உறுப்பினர்களில் ஒருவரும் நானும் சொற்போரில் இறங்கிவிட்டோம். அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. உங்களில் பலருக்குத் தெரியும். குடியேற்றத்தைப் பற்றிய பேச்சு அது. "நாம் படித்துவிட்டு, வரிசையில் நின்று, தகுதியால் உள்ளே வந்தவர்கள். சுவரேறிக் குதிப்பவனுக்காக நாம் ஏன் கண்ணீர் விட வேண்டும்?" என்று அவர் கேட்டார். அதற்கு நான் சொன்ன ஒரு சொல்லை இங்கே திரும்பச் சொல்லும் துணிவு எனக்கில்லை. அதன் பின் மூன்று மாதங்கள் அவர் கூட்டத்திற்கு வரவில்லை.

வீடு திரும்பிய பிறகு ஒன்று உறுத்தியது. அவர் சொன்னதைத்தான் நானும் பல ஆண்டுகளாக நம்பி வந்திருக்கிறேன். தகுதி, வரிசை என்ற இரண்டு சொற்களும் என்னிடமும் இருந்தன. அவர் அவற்றை உரக்கச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். என் கோபத்தில் பாதி என்மேல் வரவேண்டியது. இதை உணர்ந்தபோது, இந்நாட்டின் அரசியலைச் செய்தித்தாளில் படிப்பதை ஒரு வருடம் குறைத்துக்கொண்டு புத்தகத்தில் படிப்பது என்று முடிவு செய்தேன்.

தொடங்கியது அரசியல் சாசனத்தில். அதற்கு ஒரு காரணம் உண்டு. 2011இல் நான் இந்நாட்டின் குடியுரிமை பெற்றேன். அப்போதைய தேர்வுக்கு 100 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று தருவார்கள். அவற்றுள் 10 கேட்பார்கள். 6க்குச் சரியான விடை சொன்னால் போதும். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வாசிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும். என்னிடம் கேட்ட கேள்விகளுள் ஒன்று, தன்னாட்சி என்ற கருத்தைத் தாங்கி நிற்கும் சாசனத்தின் முதல் மூன்று சொற்கள் எவை என்பது. மனப்பாடம் செய்திருந்த விடையைச் சொன்னேன். அதிகாரி தலையசைத்து அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஆங்கிலத்தில் சொன்னதால் அந்த மூன்று சொற்களில் ஒரு சிக்கலும் எனக்குத் தென்படவில்லை.

சிக்கல் தமிழில் இருக்கிறது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். நமக்கு இரண்டு. கேட்பவரையும் உட்படுத்தினால் 'நாம்'. அவரை வெளியே நிறுத்தினால் 'நாங்கள்'. பழந்தமிழில் 'நாம்', 'யாம்' என்று நின்ற வேறுபாடு இது. 'மக்களாகிய நாம்' என்பதா, 'மக்களாகிய நாங்கள்' என்பதா? எழுதுகோலைக் கையில் எடுத்தவுடனே தமிழன் விடை சொல்லியாக வேண்டும். ஆங்கிலேயன் இருநூறு ஆண்டுகள் சொல்லாமலே காலம் கடத்தலாம்.

இதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு, வராதிருந்த நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மொழிபெயர்ப்பில் அவருக்கு நிகர் நம் வட்டத்தில் இல்லை. மன்னிப்பை நேரடியாகக் கேட்க எனக்கு வரவில்லை. ஐயம் கேட்பது எளிதாக இருந்தது. நான்கு நாளில் பதில் வந்தது. நலம் விசாரிக்கும் வரி கூட இல்லை. "நாங்கள். இதில் ஐயத்திற்கு இடமில்லை. ஓர் அறையில் கூடியவர்கள் வெளியே நிற்கும் உலகத்திற்கு அறிவிக்கிறார்கள். அறிவிப்பு என்றாலே நாங்கள்தான்." நான் விடவில்லை. அது 'நாம்'தான், இல்லாவிட்டால் அந்த வாக்கியத்திற்கு இன்று உயிரில்லை என்று எழுதினேன். இப்படியாக ஒருவருடம் முழுவதும் கடிதப் போக்குவரத்து நடந்தது. நான் படித்ததை எழுதுவேன். அவர் மறுத்து எழுதுவார்.

அந்த வாக்கியத்தின் வரலாறே சுவையானது. 1787 ஆகஸ்டில் பிலடெல்பியா மாநாட்டின் முன் வைக்கப்பட்ட வரைவில், நியூ ஹாம்ப்ஷயரில் தொடங்கிப் பதின்மூன்று மாநிலங்களின் பெயர்களும் வரிசையாக இருந்தன. இறுதி வடிவம் தரும் பணி, ஒரு கால் மரக்காலாக நடந்த கவர்னர் மாரிஸ் என்பவரிடம் வந்தது. (கவர்னர் என்பது பதவியன்று, பெயர்.) எந்தெந்த மாநிலங்கள் ஒப்புதல் தரும் என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. அதனால் பெயர்ப் பட்டியலை எடுத்துவிட்டு, ஐக்கிய மாநிலங்களின் மக்கள் என்று பொதுவாக எழுதிவிட்டார். நடைமுறைச் சங்கடம் ஒன்றைத் தாண்டுவதற்காகச் செய்த திருத்தம் பின்னால் ஒரு தேசத்தின் தத்துவமாயிற்று. கவிதை எழுதுபவர்களுக்கு இது புதிதன்று. சீர் தட்டுகிறதே என்று மாற்றிய சொல், பிறகு கவிதையின் உயிராகிவிடுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

சாசனம் மிகச் சிறிய நூல். முதலில் எழுதப்பட்ட பகுதி ஏறக்குறைய 4,500 சொற்கள். அதை இரண்டு மாலைகளில் படித்து முடித்தேன். மூன்றாம் மாலை மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன், ஒரு சொல்லைத் தேடுவதற்காக. 'அடிமை' என்ற சொல். அது எங்கும் இல்லை. அடிமை முறை இருக்கிறது, சொல் இல்லை. மக்கள்தொகைக் கணக்கில் அவர்களுள் ஐவரை மூவராக எண்ண வேண்டும் என்று ஒரு பிரிவு. அங்கே அவர்கள் 'மற்ற ஆட்கள்'. 1808 வரை அவர்களை இறக்குமதி செய்வதைத் தடுக்கக் கூடாதென்று ஒரு பிரிவு. அங்கே அவர்கள் மாநிலங்கள் அனுமதிக்க விரும்பும் ஆட்கள். ஓடிப்போனால் பிடித்துத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு பிரிவு. அங்கே வேலைக்குக் கட்டுப்பட்ட ஆள். மூன்று இடங்களிலும் சுற்றி வளைத்து நடந்திருக்கிறார்கள். மனிதனை உடைமையாகக் கொள்ளலாம் என்ற எண்ணத்தைச் சாசனத்தில் ஏற்றுவது தவறு என்று மாடிசன் மாநாட்டில் கூறியது குறிப்புகளில் இருக்கிறது. அவரும் அடிமைகளை வைத்திருந்தவர். அதற்கு முன்பே, 1776 சுதந்திரப் பிரகடனத்தின் வரைவில் அடிமை வணிகத்தைச் சாடி ஜெபர்சன் எழுதிய பகுதியை அன்றைய காங்கிரசு அடித்துவிட்டது. எழுதிய ஜெபர்சனோ தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு உடைமையாளராக இருந்தவர்.

அந்தச் சொல் சாசனத்தில் முதன்முதலாக இடம்பெற்றது 1865இல், பதின்மூன்றாம் திருத்தத்தில். அடிமை முறையை ஒழிக்கும் வாசகத்தில். எழுபத்தெட்டு ஆண்டுகள் பெயரின்றி வாழ்ந்த ஒன்று, தன் மரணச் சான்றிதழில்தான் பெயர் பெற்றது.

இந்த இல்லாத சொல்லை இருவர் இருவிதமாகப் படித்தார்கள். வில்லியம் லாயிட் காரிசன் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெருந்தலைவர், வெள்ளையர். சொல்லை மறைத்தது குற்ற உணர்வு, ஆகவே சாசனமே குற்றப்பத்திரம் என்பது அவர் வாசிப்பு. 1854 ஜூலை 4 அன்று மாசசூசெட்ஸில் ஒரு கூட்டத்தில் அதன் பிரதியைப் பகிரங்கமாகக் கொளுத்தினார். மற்றவர் ஃபிரெடரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பியோடியவர். முதலில் அவரும் காரிசனைப் பின்பற்றியவர்தான். 1851இல் அவர் கருத்து மாறியது. அடிமை என்ற சொல் இல்லையென்றால், அடிமைக்கு எதிரான வேலியும் அந்த நூலில் இல்லை என்று வாதிட்டார். முதல் வாக்கியத்தில் மக்கள் என்றுதான் இருக்கிறது. அம்மக்களுக்கு முன்னால் வெள்ளை என்றோ வேறு எந்த அடைமொழியோ இல்லை என்று 1860இல் கிளாஸ்கோ நகரில் நிகழ்த்திய உரையில் சுட்டிக்காட்டினார். எழுதியவர்கள் உள்ளத்தில் என்ன வைத்திருந்தார்கள் என்று அவர் தேடவில்லை. எழுதப்பட்டது எதுவோ அதைப் பிடித்துக்கொண்டார்.

இந்த இடத்தில் நான் வெகுநாள் நின்றுவிட்டேன். முதுகில் தழும்பு உள்ளவன் கொளுத்தவில்லை, தழும்பில்லாதவர் கொளுத்தினார். இதிலிருந்து ஒரு முடிவுக்கு வர நான் விரும்பவில்லை. காரிசனின் கோபமும் நியாயமானது. ஆனால் டக்ளசுக்கு எழுத்து எப்படிக் கிடைத்தது என்பதை 1845இல் வந்த அவருடைய தன்வரலாற்றில் படித்தால், அவர் ஏன் ஒரு நூலைக் கொளுத்த மறுத்தார் என்பது விளங்குகிறது. பால்டிமோர் நகரில் அவர் ஊழியம் செய்த வீட்டு எஜமானி அவருக்கு அரிச்சுவடி சொல்லித்தரத் தொடங்கினாள். கணவன் தடுத்தான், படிக்கக் கற்றவன் அடிமையாக இருக்கத் தகுதியற்றுப் போவான் என்பது அவன் கவலை. அறைக்குள் சொன்னதைச் சிறுவன் கேட்டுவிட்டான். எதைத் தடுக்கிறார்களோ அதில்தான் வழி இருக்கிறது என்று அறிந்துகொண்டான். பிறகு தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுத்து, பதிலுக்கு எழுத்துகளைக் கற்றான். பன்னிரண்டு வயதளவில் ஐம்பது காசுக்கு ஒரு சொற்பொழிவுத் தொகுப்பை வாங்கினான். ஒரு தேசத்தின் மிகச் சிறந்த பேச்சாளர்களில் ஒருவர் உருவானது இப்படித்தான். நம் வீட்டுப் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு அழைத்துவர நாம் படும் பாட்டை நினைத்து, இதைப் படித்த இரவு சற்றுச் சிரித்துக்கொண்டேன்.

லிங்கனைப் பற்றி நீட்டவில்லை. அவரைப் பற்றிச் சொல்லாதவர் இல்லை. ஒன்று மட்டும். 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க்கில் அவருக்கு முன் பேசிய எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். லிங்கன் பேசியது ஏறக்குறைய 270 சொற்கள். அதிலும் 'அடிமை' என்ற சொல் இல்லை! ஆனால் அவர் எண்பத்தேழு ஆண்டுகள் பின்னோக்கி எண்ணுகிறார். 1863இல் எண்பத்தேழைக் கழித்தால் 1776. சாசனம் பிறந்த 1787ஐத் தாண்டி, எல்லா மனிதரும் சமம் என்ற பிரகடனத்திற்குப் போய்விடுகிறார். ஒரு கழித்தல் கணக்கால் தேசத்தின் பிறந்தநாளை மாற்றிவிட்ட இச்செயலைக் கேரி வில்ஸ் 1992இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். கவிஞர்கள் படிக்க வேண்டிய நூல். டோக்வில்லின் முதல் தொகுதியையும் படித்தேன். இரண்டாம் தொகுதியைப் பாதியில் வைத்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இதற்குள் நண்பரின் கடிதம் ஒன்று வந்தது. "நீங்கள் படிப்பதெல்லாம் கறுப்பர், வெள்ளையர் கதை. நாம் எங்கே வருகிறோம்?" நியாயமான கேள்வி. தேடினேன். நாம் வருமிடம் எனக்கு மகிழ்ச்சியளிக்கவில்லை.

1790இல் வந்த முதல் குடியுரிமைச் சட்டம், வெளிநாட்டார்களில் சுதந்திரமான வெள்ளையர்க்கு மட்டுமே குடியுரிமை என்றது. பஞ்சாபில் பிறந்து, முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் சேவை செய்த பகத் சிங் திந்த் குடியுரிமை கோரி உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1923இல் தீர்ப்பு: சாதாரண மனிதன் வெள்ளையன் என்று எவரை எண்ணுகிறானோ அவரே வெள்ளையர், ஆகவே இந்தியர் அல்லர். தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லாந்து இங்கிலாந்தில் பிறந்து கைக்குழந்தையாக இங்கு வந்தவர். அத்தீர்ப்பினால் முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலர் அதை இழந்தனர். இதுவரை படித்தபோது எனக்குள் நியாயமான சினம் இருந்தது. பிறகு திந்தின் தரப்பு வைத்த வாதத்தைப் படித்தேன். அவர் உயர்சாதி இந்து, ஆரியர். இந்தியப் பழங்குடியினரை உயர்சாதியினர் மணவுறவுக்கு எப்படி விலக்குவார்களோ, அப்படியே வெள்ளையர் நீக்ரோவரை விலக்குகிறார்கள். ஆகவே அவர் உங்களைச் சேர்ந்தவர் என்பது அந்த வாதம். 'நாங்கள்' என்ற வேலியை எதிர்த்து அவர் நிற்கவில்லை. வேலிக்கு உள்ளே தமக்கும் ஓர் இடம் கேட்டார். கேட்டதற்கு வைத்த சான்று, தம் ஊரிலும் இதேபோல் ஒரு வேலி இருக்கிறது என்பது.

சினம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. என் ஊர் நினைவுக்கு வந்தது. அங்கே 'ஊர்' என்றால் எங்கள் நான்கு தெருக்கள். வாய்க்காலுக்கு அப்பால் இருந்தது சேரி. "ஊர் கூடி முடிவு செய்தது" என்று என் தாத்தா சொல்வார். அந்த ஊரில் சேரி இல்லை. ஆனால் முடிவு சேரியையும் கட்டுப்படுத்தும். ஐவரை மூவராக எண்ணிய பிலடெல்பியாவைப் பற்றி நான் மூக்கின்மேல் விரல் வைத்தேனே, எங்கள் ஊரின் கணக்கில் ஐவருக்கு ஒருவர் கூட இல்லையே! 1959இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட மாணவர் பயிலும் பள்ளிக்குச் சென்றார். தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்தார். முதலில் அது தமக்குச் சுருக்கென்றிருந்தது என்றும், பிறகு எண்ணிப் பார்த்து, ஆம் என்று தமக்குள் ஏற்றுக்கொண்டதாகவும் 1965இல் தம் தேவாலயத்தில் கிங் சொன்னார். நாம் எங்கே வருகிறோம் என்று நண்பர் கேட்டாரே, அவருக்கு இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் எழுதி அனுப்பினேன். அந்தக் கடிதத்திற்கு மட்டும் பதில் வரவில்லை. அவர் ஊரும் என் ஊரைப் போன்றதுதான்.

கோடை முழுவதும் ராபர்ட் காரோ. லிண்டன் ஜான்சனின் வரலாற்றை 1982 முதல் 2012 வரை நான்கு பெருந்தொகுதிகளாக வெளியிட்டவர். மூன்றாம் தொகுதியான 'மாஸ்டர் ஆஃப் தி செனட்' மட்டும் ஆயிரம் பக்கத்திற்கு மேல். அதன் தொடக்கம் செனட்டில் இல்லை. 1957இல் அலபாமா மாநிலத்தின் ஒரு நீதிமன்றக் கட்டிடத்தில், வாக்காளராகப் பதிவு செய்யவந்த ஒரு கறுப்பினப் பெண்ணிடம் தொடங்குகிறது. கேள்விகள் கேட்கிறார்கள். இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறார்கள். தென் மாநிலங்களின் வழக்கம் அது. மிசிசிப்பியின் 1890 சாசனம், அதன் எந்தப் பிரிவையும் வாசிக்கவோ, வாசிக்கக் கேட்டு விளக்கவோ தெரிந்திருக்க வேண்டும் என்றது. விளக்கம் சரியா என்று தீர்ப்பவர் பதிவாளர். அவருக்குத் திருப்தி வராது. வராமலிருப்பதற்கே அவர் அங்கு அமர்த்தப்பட்டிருந்தார். டக்ளசுக்குப் படிப்பு மறுக்கப்பட்டது. நூறாண்டுக்குப் பின் அவர் மக்களைப் படிப்பின் பெயராலேயே வெளியே நிறுத்தினார்கள்.

2011இல் என்னையும் ஒரு வாக்கியம் வாசிக்கச் சொன்னார்கள். லிங்கனைப் பற்றிய மிகச் சிறிய வாக்கியம். சரளமாக வாசித்துவிட்டு, இதென்ன சிறுபிள்ளைத் தேர்வு என்று நண்பர்களிடம் கேலி பேசினேன். அது எனக்கு எளிதாக இருந்தது. எனக்கு எளிதாக இருக்கட்டும் என்று எவரோ முடிவு செய்திருந்தார்கள் என்பது அன்று தோன்றவில்லை.

ஜான்சன் நல்லவரா? காரோவைப் படித்துவிட்டு அப்படியொரு கேள்வியைக் கேட்பது கடினம். 1948இல் 87 வாக்கு வேறுபாட்டில் செனட் பதவிக்கான வேட்பாளராகத் தேர்ந்தார்; அவ்வாக்குகள் திருடப்பட்டவை என்பதைக் காரோ இரண்டாம் தொகுதியில் நிறுவுகிறார். (லிங்கனின் எண்பத்தேழுக்கும் இதற்கும் உறவில்லை; எண்களில் பொருள் தேடும் நண்பர்கள் மன்னிக்கவும்.) 1937 முதல் இருபதாண்டுகள் கறுப்பின மக்களின் உரிமைக்கான ஒவ்வொரு மசோதாவையும் எதிர்த்து வாக்களித்தவர். அவரே, 1965 மார்ச் 7 அன்று செல்மா பாலத்தில் ஊர்வலத்தினர் அடித்து நொறுக்கப்பட்ட பின், எட்டாம் நாள் காங்கிரசின் முன் நின்று வாக்குரிமைச் சட்டம் கேட்டார். அந்த உரையில், இளைஞராக இருந்தபோது டெக்சசின் கொட்டுல்லா என்ற சிற்றூரில் தாம் பாடம் சொல்லிக்கொடுத்த ஏழை மெக்சிகப் பிள்ளைகளை நினைவுகூர்ந்தார். ஆகஸ்ட் 6 அன்று கையெழுத்திட்டார். எழுத்தறிவுத் தேர்வுகளின் முதுகெலும்பு முறிந்தது.

இனி நான் சொல்லப்போவது, இந்த வருடம் படித்தவற்றுள் எனக்கு முதன்மையானது. அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், சுதந்திர தேவி சிலையின் காலடியில் அதே ஜான்சன் இன்னொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அது குடியேற்றச் சட்டம். 1917இல் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதிக்கு அடைக்கப்பட்ட கதவு, 1946இல் ஆண்டுக்கு நூறு பேர் நுழையும் அளவுக்குத்தான் திறந்திருந்தது. பிறந்த நாட்டை வைத்து ஆளுக்கொரு பங்கு அளந்த முறையை 1965 சட்டம் நீக்கியது. கையெழுத்திட்டவருக்கே அதன் அளவு தெரியவில்லை. இது புரட்சிகரமான சட்டமன்று என்று அன்று பேசினார். இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் நம்முள் அநேகமாக எல்லோரும் அந்தக் கதவு வழியே வந்தவர்கள், அல்லது வந்தவர்களின் பிள்ளைகள்.

இரண்டு கையெழுத்துகளுக்கும் இடையில் இரண்டு மாதம் கூட இல்லை. பிறப்பை வைத்து மனிதனை அளப்பது வெட்கம் என்று ஒரு தேசம் அந்தச் சில ஆண்டுகளில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளும்படி செய்தவர்கள் செல்மாவில் அடிபட்டவர்கள். அந்த வெட்கத்தின் பலனாகவே நமக்கும் கதவு திறந்தது. நம் தகுதி உண்மைதான். நம் தந்தையரிடமும் அதே தகுதி இருந்தது; அவர்களுக்கு ஆண்டுக்கு நூறு இடம். வரிசையில் நின்றோம் என்கிறோம். வரிசை என்ற ஒன்று நமக்கு இருந்ததற்கு நாம் காரணமல்லர். இதை எழுதி நண்பருக்கு அனுப்பியபோது, 2024 நவம்பரில் நான் சொன்ன அந்தச் சொல்லுக்காக மன்னிப்பும் கேட்டேன். அன்று எனக்கு விடை தெரியாததால்தான் வசை வந்தது என்றும் எழுதினேன்.

அவர் பதிலில் சட்டத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. நம் வட்டத்தின் இளங்கவிஞர் ஒருவரின் குழந்தையைப் பற்றி எழுதியிருந்தார்.

அக்கதையை நீங்கள் அறிவீர்கள். 2025 ஜனவரி 20 அன்று புதிய அதிபர் பதவியேற்ற நாளிலேயே ஓர் ஆணை வந்தது. தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தையும் குடிமகனோ நிரந்தர வாசியோ அல்லாவிட்டால், இங்குப் பிறக்கும் குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை என்றது அது. முப்பது நாள் கழித்துப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பொருந்தும் என்றார்கள். நம் இளங்கவிஞர் வேலை விசாவில் இருந்தார். அவர் மனைவிக்கு மார்ச்சில் பேறுகாலம். வரிசையில் நின்றவர்கள், தகுதியால் வந்தவர்கள், ஒரு விதியையும் மீறாதவர்கள். அந்தப் பெண் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சில நாட்களில், அவர்கள் வீட்டிற்கு முதலில் போனவர் என் நண்பர்தான் என்பது எனக்குப் பிறகே தெரிந்தது. பதினான்காம் திருத்தத்தின் வாசகத்தையும், சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க்கின் வழக்கில் 1898இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பழம் எடுத்துப் போவதுதான் நம் வழக்கம்; அவர் தீர்ப்பு நகல் எடுத்துப் போனார்! ஆணை நடைமுறைக்கு வருமுன்பே நீதிமன்றங்கள் அதைத் தடுத்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மார்ச்சில் பெண் குழந்தை பிறந்தது. நம் சித்திரைக் கூட்டத்தில் அக்குழந்தையை எல்லோரும் தூக்கிக் கொஞ்சினோம். நண்பர் வட்டத்திற்குத் திரும்பி வந்தது அந்தக் கூட்டத்திற்குத்தான்.

அவர் கடிதத்தின் கடைசி வரி: "நீங்கள் சொன்னதுதான் சரி. நாம் என்றே மொழிபெயர்க்க வேண்டும்." அக்கடிதம் வந்தபோது என் மனம் எதிர்ப்பக்கம் போயிருந்தது. இத்தனை படித்த பிறகு, 1787இல் அவர்கள் எழுதியது 'நாங்கள்'தான் என்பதில் எனக்கு ஐயம் குறைந்துவிட்டது. பொய்யாக 'நாம்' என்று மொழிபெயர்த்தால், அந்தச் சொல்லை மாற்றப் பாடுபட்டவர்களின் கணக்கு அழிந்துவிடும். இப்போது அவர் 'நாம்' கட்சி, நான் 'நாங்கள்' கட்சி. சண்டை தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது.

கவிஞர்கள் கூடிய அவையில் விட்மனைச் சொல்லாமல் போகக் கூடாது. பாரதி தம் கட்டுரையில் அறிமுகப்படுத்திய கவி. நம் பிச்சமூர்த்திக்குப் புதுக்கவிதையின் வாசலைக் காட்டியவர். 1865இல் உள்துறை அலுவலகத்தில் எழுத்தர் வேலையில் இருந்தபோது, 'புல்லின் இதழ்கள்' எழுதிய குற்றத்திற்காக அமைச்சரால் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அப்போது அவருக்காக வரிந்துகட்டி எழுதியவர் வில்லியம் டக்ளஸ் ஓ'கானர் என்ற நண்பர். நரைத்த நல்ல கவி என்று விட்மனுக்கு இன்றுவரை வழங்கும் பட்டத்தைத் தந்ததும் அவர் எழுதிய சிறுநூல்தான். 1872இல் இவ்விருவரும் ஒரு மாலை வாக்குவாதத்தில் இறங்கினார்கள். பொருள்: கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை. ஓ'கானர் அதற்கு ஆதரவு. எல்லோரையும் தம் பாட்டுக்குள் அழைத்த விட்மன் அதற்கு எதிர்! நூலில் 'நாம்' என்று பாடிய கவி, நண்பர் வீட்டுக் கூடத்தில் 'நாங்கள்' என்று பேசியிருக்கிறார். இதைப் படித்தபோது விட்மன்மேல் எனக்கிருந்த பக்தியில் ஒரு கீறல் விழுந்தது. பாட்டின் மேல் விழவில்லை. அன்று பிரிந்தவர்கள் பத்தாண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. 1882இல் பாஸ்டனில் அந்நூலுக்குத் தடை வந்தபோது, ஓ'கானர் மீண்டும் எழுதுகோலை எடுத்தார். பிறகே உறவு துளிர்த்தது.

நம் வட்டத்தின் வயதும் பத்து. எங்கள் பிணக்கு ஆறு மாதத்தில் தீர்ந்ததற்கு வட்டத்திற்கு நன்றி சொல்ல வேண்டும். மாதந்தோறும் நாற்காலிகளை அடுக்குபவர் அவர்; அவர் வராத மூன்று மாதங்களும் நான் தனியே அடுக்க வேண்டியிருந்தது.

என் குறிப்பேட்டில் அந்த ஐம்பத்திரண்டு சொல் முகப்புரையின் மொழிபெயர்ப்பு முழுமையாக இருக்கிறது, முதல் சொல் தவிர. அங்கே 'நாம்' என்று அவர் கையெழுத்திலும், அடித்து 'நாங்கள்' என்று என் கையெழுத்திலும், பென்சிலில் மாறி மாறி ஐந்தாறு முறை இருக்கிறது, தாள் நைந்துவிட்டது. மலர்க் குழுவினர் அதை இம்மலரில் அச்சிடக் கேட்டார்கள். அடுத்த மலருக்குத் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். காரோவின் மூன்றாம் தொகுதியை ஆவணியில் அவருக்கு இரவல் கொடுத்தேன். இன்று அவர் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். புத்தகத்தைக் கொண்டுவரவில்லை.